தகவல் தாளில் நான் வைத்த பூ

எனக்கு உட்கார்ந்து படிக்க வராது. கையில் ஒரு தாளைக் கொடுத்தால் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். நாமக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் என் சின்னக் கடையில் புரூஃப் திருத்துவதும் அப்படித்தான், வாசலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நடந்துகொண்டே. பத்திரிகை அடிக்க வந்தவர்கள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெரியவர் கைகூப்பியே கேட்டுவிட்டார், "சித்தெ நேரம் உக்காருங்க அம்மிணி, எனக்குத் தலை சுத்துது" என்று.

அந்தப் பதினான்கு பக்கத் தாளையும் நடந்துகொண்டேதான் படித்தேன். நான்காம் பக்கத்தில் நின்றேன். வீதியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகவே திட்டினேன்.

அந்தத் தாள் என்னிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆய்வு செய்வதற்கு முன்னால், அது நியாயமாக நடக்குமா என்று பார்க்க மருத்துவமனையில் ஒரு குழு கூட வேண்டும். டாக்டர்கள் இருப்பார்கள், ஒரு வக்கீல் இருப்பார். மருத்துவத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் அந்தச் சம்பந்தமே இல்லாத ஆள் நான். அவர்களுடைய புதுக் கட்டடத் திறப்பு விழா அழைப்பிதழை நான்தான் அடித்தேன். பெரிய டாக்டர் எழுதி அனுப்பியிருந்த முதல் வாக்கியம் ஏழு வரிக்கு ஓடியது. "இது யாருக்குங்க புரியும்?" என்று அவரிடமே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே கூப்பிட்டுக் குழுவில் உட்கார வைத்துவிட்டார். உட்கார வைத்தார் என்பது ஒரு பேச்சுக்குத்தான். கூட்டம் நடக்கும்போது நான் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருப்பேன்.

வெளிநோயாளிகள் பகுதியின் வராந்தாவில் ஒரு பலகை இருக்கிறது. விரைவில் தொடங்கவிருக்கும் ஆய்வுகள் என்று மேலே எழுதி, ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். என்ன மருந்து, யார் சேரலாம், எத்தனை தடவை வர வேண்டும், என்ன தொந்தரவு வரலாம் என்று அதில் இருக்கும். சேர விரும்புகிறவர்களுக்கு அதையே விரிவாகத் தகவல் தாள் என்று கொடுப்பார்கள். படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தாள்களைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் மாற்றிக் கொடுப்பது என் வேலை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கொஞ்சம் கர்வமும் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

அந்தப் பதினான்கு பக்கம் சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்கான ஒரு புதுக் களிம்பைப் பற்றியது. என் அண்ணனுக்கு அந்தப் புண்தான்.

அண்ணன் இருபத்தைந்து வருடம், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே எல்லாம் போய்ப் போர் போட்டவர். இப்போது பள்ளிபாளையத்துக்கு இந்தப் பக்கம், எங்கள் பழைய தோட்டத்து வீட்டில் இருக்கிறார். சர்க்கரை அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. போன வருடம் வலது கால் பெருவிரல் போனது. இப்போது அதே காலின் அடியில், மற்ற விரல்களுக்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். ஐந்து மாதமாக ஆறவில்லை. இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாம், இல்லாவிட்டால் கணுக்காலோடு எடுக்க வேண்டி வரலாம் என்று ஈரோட்டு டாக்டர் சொல்லிவிட்டார். ரிக் மேல் ஏறி நின்ற கால். அந்தத் தாளைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் அண்ணன் காலைத்தான் பார்த்தேன்.

குழுவில் அதைச் சொல்லிவிட்டேன். என் அண்ணனே இதில் சேர வரலாம் என்றேன். அப்படியானால் இந்த ஆய்வுக்கு அனுமதி தருவதில் நீங்கள் கருத்துச் சொல்லக் கூடாது, தமிழை மட்டும் பாருங்கள் என்றார்கள். சரி என்றேன். தமிழை மட்டும் பார்ப்பதிலேயே இவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நான்காம் பக்கத்தில் என்னை நிறுத்திய வாக்கியம் இது: பங்கேற்பாளர்கள் தற்போக்குத் தெரிவு முறையில் இரு குழுக்களுள் ஏதேனும் ஒன்றிற்கு ஒதுக்கப்படுவர்.

விஷயம் என்னவோ எளிதுதான். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து கலந்த களிம்பு. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வாசனையில், மருந்து இல்லாத வெறும் களிம்பு. புண்ணைக் கழுவிக் கட்டுவது, சர்க்கரைக்கு மாத்திரை கொடுப்பது எல்லாம் இரண்டு பாதிக்கும் ஒன்றுதான். யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்ய மாட்டார். அவர் முடிவு செய்தால் தெரிந்தவர்களுக்கோ புண் மோசமாக இருப்பவர்களுக்கோ மருந்து போய்விடும், அப்புறம் மருந்து வேலை செய்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் கம்ப்யூட்டர் ஒரு ஒழுங்கும் இல்லாமல் பிரித்துவிடும். டியூபில் ஓர் எண் மட்டும் இருக்கும். உள்ளே இருப்பது எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது.

இதை ஒரு வரியில் சொல்ல வேண்டும். முதலில் குலுக்கல் சீட்டு என்று எழுதிப் பார்த்தேன். வராந்தாவில் காத்திருந்த ஓமலூர்ப் பெண் ஒருத்தியிடம் ஆய்வு நர்ஸ் அதைப் படித்துக் காட்டினார். "அப்ப பரிசு விழுந்தாத்தான் மருந்தா?" என்று அவள் எழுந்து போய்விட்டாள். அப்புறம் டாஸ் போடுவது போல என்று மாற்றினேன். பக்கத்தில் இருந்தவர், "ஏனுங்க, என்ற காலை வெச்சா டாஸ் போடுவீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். பத்து நாளாக அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடாமல், சாப்பிடவிடாமல் படுத்தியது. பத்திரிகை ஒன்றில் மாப்பிள்ளையின் அப்பா பெயரை மாற்றி அடித்து, திட்டும் வாங்கினேன்.

அமாவாசைக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போனேன். யாரோ ஒரு குடும்பம் பெண்ணின் சம்பந்தத்துக்காகப் பூ கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் எதற்கும் பூ கேட்பார்கள். கல்யாணம் முடிவு செய்ய, வீடு கட்ட, கிணறு வெட்ட. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக ஒரே அளவு இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டுக் கலைத்துவிடுவார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். அந்தப் பாவாடை கட்டிய பெண்குழந்தை பொட்டலத்தை எடுத்தபோது நான் பிரகாரத்திலேயே நின்றுவிட்டேன். கலைத்தபிறகு எதில் எந்தப் பூ என்று மடித்தவருக்கும் தெரியாது, பூசாரிக்கும் தெரியாது, எடுக்கிற குழந்தைக்கும் தெரியாது. நான் தேடிக்கொண்டிருந்தது இதுதானே! பூ கேட்கும்போது எதில் எந்தப் பூ என்று யாருக்கும் தெரியாதே, அதுபோலத்தான் உங்களுக்கு எந்தக் களிம்பு என்பதும் என்று அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதினேன். சாமி கும்பிட்டேனா என்று ஞாபகம் இல்லை.

குழுவில் படித்துக் காட்டினேன். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. புள்ளியியல் பேராசிரியர், இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன், இப்படி ஓர் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லையே என்றார். வக்கீல் அம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பூன்னா அதுல சாமி வருதில்லைங்களா? அது பரவாயில்லையா?" என்றார்.

"சாமி கும்பிடாதவங்களுக்குக்கூட இந்த ஊர்ல பூ கேக்கறது தெரியுமுங்க" என்று வெட்டிவிட்டேன்.

"நான் அதைக் கேக்கலை" என்றார் அவர். என்ன கேட்கிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பத்து நாள் அலைந்து பிடித்த வரியை ஒருவர் கையை வைத்துக் கலைப்பது எனக்குப் பொறுக்காது.

வராந்தாவில் படித்துக் காட்டியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் எழுந்து போகவில்லை. யாரும் கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது.

அண்ணன் வீட்டுக்கு நானே தாளைக் கொண்டுபோனேன். அண்ணன் கேள்விக்குப் பேர்போனவர். பஸ் டிக்கெட் வாங்கினால்கூட எந்த வழியாகப் போகும், எங்கே நிற்கும், ஏன் நிற்கும் என்று கண்டக்டரைக் குடைந்துவிடுவார். அன்றைக்கு நான் படிக்கப் படிக்கக் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கேட்டார். பூ வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆரு எடுக்கறது?"

"கம்ப்யூட்டருங்கண்ணா."

"அதுக்கும் மேல ஒருத்தன் இருக்கறானல்லோ" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், காய்ச்சல், நாற்றம், எரிச்சல் எது இருந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்ற பக்கங்களையும் படித்தேன். "செரி, செரி" என்றார். அவருடைய மனைவியை, நான் நங்கை என்று கூப்பிடுகிற அண்ணியை, கூப்பிட்டு, சேலம் போகிற நாளில் வீட்டில் கறி எடுக்க வேண்டாம் என்று சொன்னார். தலைக்குக் குளித்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டார். ஒரு டியூபும், தினமும் நிரப்ப வேண்டிய ஒரு அட்டையும் கொடுத்தார்கள்.

முதல் இரண்டு வாரம் புண் கொஞ்சம் சுருங்கியது என்றார்கள். நான் வேறு தாள்களில் மூழ்கிவிட்டேன். அடுத்து ஒரு மூட்டுவலி ஆய்வு வரவிருந்தது. அதற்கும் பூவையே போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் வாரம், ஒரு திங்கள்கிழமை காலையில், நங்கை ஃபோன் செய்தார்.

"அம்மிணி, ஒரு எட்டு வந்துட்டுப் போறியா? கட்டைப் பிரிச்சுப் பாக்க உட மாட்டேங்கறாரு. நேத்துப் பூராவும் ஒடம்பு நடுங்குச்சு. ரூமுக்குள்ள போனா ஒரு வாடை."

"ஆஸ்பத்திரிக்குச் சொன்னீங்களா?"

"வியாழக்கெழமை எப்படியும் அங்க போவோணுமாம். அது வரைக்கும் ஒண்ணுஞ் சொல்லக் கூடாதுங்கறாரு."

கடையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். உட்கார இடம் இருந்தது. திருச்செங்கோடு வரைக்கும் நின்றுகொண்டே போனேன். கண்டக்டர் இரண்டு தடவை சீட்டைக் காட்டினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் மேல் எரிச்சலாக வந்தது. ஒரு பாட்டி சுரைக்காய்ப் பையை ஏற்ற அரை நிமிடம் எடுத்துக்கொண்டதற்கு நான் வாய்க்குள் திட்டியதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் உள் அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நங்கை சொன்ன வாடை வாசலிலேயே வந்தது. சாமி மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில், அந்தக் களிம்பு டியூப் இருந்தது. அதற்குக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

அதைப் பார்த்த உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று சொன்னால் பொய். முதலில் கோபம்தான் வந்தது. போர்வையை விலக்கினேன். கணுக்காலுக்கு மேல் வரைக்கும் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. தலைமாட்டில் இருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். காய்ச்சல்: இல்லை. நாற்றம்: இல்லை. எரிச்சல்: இல்லை. இல்லை, இல்லை என்று நேற்று வரைக்கும் அண்ணனின் கோணல் கையெழுத்து.

"என்னுங்கண்ணா இது? எதுக்கு இல்லைன்னு போட்டிருக்கறீங்க?"

"கத்தாத அம்மிணி. சாமி பூ குடுத்துருச்சு. குடுத்ததுக்கப்பறம் கொறை சொல்லலாமா? உனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மறந்துபோனேன் என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பூ கேட்ட பிறகு முணுமுணுக்கக் கூடாது. இன்னோர் இடத்தில் போய்க் கேட்கக் கூடாது. நல்லதோ கெட்டதோ, வந்த வாக்கோடு நிற்க வேண்டும். எங்கள் அப்பா பூ கேட்டுத்தான் தோட்டத்துத் தென்மூலையில் கிணறு வெட்டினார். தண்ணீர் வரவில்லை. சாகும்வரை அந்தக் கிணற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. வேறு மூலையில் வெட்டவும் இல்லை. அண்ணனே ரிக் கதைகள் சொல்லும்போது இதைச் சொல்லிச் சிரிப்பார். பூ கேட்டுத் தோண்டும் இடத்துக்குப் புள்ளி வைத்த தோட்டமென்றால் போர் போடப் போகவே பயமாக இருக்கும் என்பார். தண்ணீர் வராமல் வெறும் புகையாகத் தூசி வந்துகொண்டிருக்கும், ஆயிரம் அடி தாண்டியிருக்கும், தோட்டக்காரர் மட்டும் நிறுத்தச் சொல்ல மாட்டாராம். "இன்னொரு ராடு எறக்குங்க, சாமி பொய் சொல்லாது" என்பாராம். இத்தனையும் கேட்டு வளர்ந்தவள்தான் நான். எதில் எந்தப் பூ என்று யாருக்கும் தெரியாது என்பதை மட்டும் பார்த்தேன். பூ வந்த பிறகு ஜனங்கள் எப்படி வாயைக் கட்டிக்கொள்வார்கள் என்பதை விட்டுவிட்டேன். வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டது இதைத்தான்.

ஆய்வு டாக்டருக்கு ஃபோன் செய்தேன். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அழைத்து வரச் சொன்னார். நங்கை பக்கத்துத் தோட்டத்துக் காரைக் கூப்பிட ஓடினார். அண்ணன் அசையவில்லை.

"வியாழக்கெழமை போலாம். நடுவுல போனா வாக்கை நானா முறிச்ச மாதிரி ஆயிரும்."

"எப்ப வேணாலும் விலகலாம்னு நான் படிச்சுக் காட்டினனே!"

"அது சட்டத்துக்குப் போடறது. எல்லாப் பேப்பர்லயும் போடுவாங்க."

நான் அறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். வாசலில் கார் இல்லை. திரும்பி வந்தேன். டியூபுக்குள் இருப்பது வெறும் களிம்பாகவும் இருக்கலாம் என்றேன். எதுவாக இருந்தாலும் அதுதான் தனக்கென்று வந்தது என்றார். கால் போய்விடும் என்று மிரட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். சின்ன வயதிலிருந்து நான் கத்தியே காரியம் சாதித்தவள். அன்றைக்குக் கத்தினேன், அழுதேன், மாடத்திலிருந்த டியூபை எடுத்து வீசக்கூடக் கையை ஓங்கினேன். "அதத் தொடாத!" என்று அவர் எழப் பார்த்து, முடியாமல் சாய்ந்தார்.

டியூபை வைத்துவிட்டுக் கட்டில் அருகே போனேன். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"அண்ணா, அந்தப் பூவைச் சாமி வெக்கலீங்க. நான் வெச்சேன். எனக்கு ஒரு வரி வரலை. பத்து நாளா வரலை. கோயில்ல அந்தக் கொழந்தையைப் பாத்ததும் எழுதிட்டேன். எல்லாரும் நல்லாருக்குதுன்னாங்க, எனக்கும் பெருமையா இருந்துச்சு. அவ்வளவுதானுங்க. அது தப்பு. நான் பண்ணுன தப்பு."

அண்ணன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

"இன்னொருக்காச் சொல்லு."

"நான் பண்ணுன தப்புங்கண்ணா."

"இத்தன வருஷத்துல நீ தப்புன்னு சொல்லி நான் கேட்டதே இல்லியே அம்மிணி" என்றார். முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். "அப்ப நெசமாலுமே மோசமாத்தான் இருக்குதாட்ட இருக்குது. அந்தச் செருப்பை எடு."

காரில் நான் முன் இருக்கையில் உட்கார்ந்து, வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு போனேன். சங்ககிரி தாண்டும்போது அவர் நங்கை தோளில் சாய்ந்து ஏதோ பிதற்றினார். ராடு, பிட்டு, தூசி என்று ரிக் வேலைப் பேச்சுக் காதில் விழுந்தது. டிரைவரை வேகமாகப் போகச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது.

அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்தார்கள். கணுக்காலைக் காப்பாற்றிவிட்டார்கள், குதிகாலும் நின்றது. மிச்சமிருந்த நான்கு விரல்களும் பாதத்தின் முன்பாதியும் போயின. நாற்றம் வந்த முதல் நாளே சொல்லியிருந்தால் மருந்திலேயே அடக்கியிருக்கலாம் என்று ஆய்வு டாக்டர் என்னிடம் சொன்னார். அவர் குற்றம் சாட்டவில்லை, நான் கேட்டேன், அதனால் சொன்னார். டியூபில் மருந்து இருந்ததா இல்லையா என்றும் கேட்டேன். வைத்தியத்துக்குத் தேவைப்பட்டால் மட்டும்தான் அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பார்களாம். அண்ணனுக்கு வந்தது கிருமி. எந்தக் களிம்பாக இருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான் என்பதால் பிரிக்கவில்லை. ஆய்வு முடிகிறவரை தெரியாது. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவசரக் கூட்டம் போட்டார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வக்கீல் அம்மா, நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "இதுவரைக்கும் எத்தனை பேர் இந்தத் தாளைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தாளை நிறுத்தினார்கள். கையெழுத்துப் போட்ட எல்லோரையும் ஃபோனில் கூப்பிட்டு, பூ இல்லாமல் முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டும் என்று முடிவானது. ஆய்வு நர்ஸ் பேசும்போது நான் பக்கத்தில் நின்றேன். கெங்கவல்லியிலிருந்து ஒரு விவசாயி கடைசிவரை கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மூணாம் நாள்லேருந்து அரிக்குதும்மா. அதைச் சொல்லலாமா?"

நர்ஸ் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். பலகையில் ஒட்டியிருந்த என் தாளைக் கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது, நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

புதிதாக எழுத ஒரு வாரம் ஆயிற்று. இந்தத் தடவை உதாரணமே வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். குலுக்கலும் இல்லை, டாஸும் இல்லை, பூவும் இல்லை. விலகலாம் என்பதைப் பதினோராம் பக்கத்திலிருந்து எடுத்து முதல் வரியாக வைத்தேன். அடுத்து, உடம்புக்கு எது வந்தாலும் சொல்லுங்கள், சொன்னால் யாருக்கும் கோபம் வராது என்று எழுதினேன். குழுவுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் அதை ஒருவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். யாருக்கு என்று யோசிக்கவே இல்லை.

அண்ணன் அதே கயிற்றுக் கட்டிலில், கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கேட்டார். பழைய அண்ணன் திரும்பி வந்துவிட்டார். வரிக்கு ஒரு கேள்வி. விலகினால் அப்புறம் அதே டாக்டர் பார்ப்பாரா? பார்ப்பார். அட்டையில் எரிச்சல் என்று எழுதினால் வெளியே அனுப்பிவிடுவார்களா? மாட்டார்கள். நடந்துகொண்டே படித்தேன், நின்று நின்று பதில் சொன்னேன். நான்காம் பக்கம் வந்தது.

"யாருக்கு எந்தக் களிம்பு என்பதைக் கம்ப்யூட்டர் பிரிக்கும். அதற்கு உங்களைத் தெரியாது. உங்கள் பெயர் தெரியாது, உங்கள் கால் தெரியாது. உங்களுக்கு நல்லது என்று பார்த்து அது கொடுப்பதில்லை" என்று படித்தேன்.

அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"என்னையத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதுங்கண்ணா."

"நான் நல்லவன், கெட்டவன், எதுவும்?"

"எதுவும் தெரியாதுங்க."

அவர் தலையணை மேலிருந்த காலைப் பார்த்தார். விரல்கள் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி வட்டமாக முடிந்திருந்தது.

"என்னையத் தெரியாத ஒண்ணுக்கா நான் இத்தன நாளு வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன்?"

என்னால் அதற்குமேல் நடக்க முடியவில்லை. கட்டிலின் ஓரத்தில், அவர் காலுக்குப் பக்கத்தில், தாளோடு உட்கார்ந்துவிட்டேன்.